நோயாளி நழுவும் இடத்தில் நில்லுங்கள்

காசநோய்ப் பிரிவிலும் நம்பிக்கை மையத்திலும் ஏ.ஆர்.டி. மையத்திலும் புதிதாகப் பணிக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

மருந்தின் அளவும் படிவங்களும் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது அந்தப் பாடங்களுக்கு நடுவே விடுபட்டுப்போகும் வேலையைப் பற்றி. காசநோயைக் குணமாக்க மருந்து இருக்கிறது. எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கவும் மருந்து இருக்கிறது. நம் நாட்டில் இரண்டுமே அரசு மருத்துவமனையில் இலவசம். அப்படியும் ஆட்கள் சாகிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை இன்றைக்கும் அதிகம் பறிப்பது காசநோய்தான்.

ஏன் என்று பாருங்கள். சளி கொடுத்துவிட்டுப் போனவர் ரிசல்ட் வாங்க வருவதில்லை. ரிசல்ட் வாங்கியவர் அடுத்த கட்டடத்துக்குப் போய்ச் சேருவதில்லை. மாத்திரை தொடங்கியவர் இரண்டாம் மாதம் பிழைப்பு தேடி வெளியூர் போய்விடுகிறார். ஒரு கவுண்டருக்கும் அடுத்த கவுண்டருக்கும் நடுவில்தான் ஆள் தொலைகிறார். சுகாதாரச் சேவையை வலுப்படுத்த வேண்டும் என்று பெரிய கூட்டங்களில் பேசப்படுவதெல்லாம் கடைசியில் இந்த இடைவெளியை அடைக்கும் வேலையில் வந்து நிற்கிறது. அந்த வேலை உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு உதவும் என்று நான் நம்புகிறவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. நீங்கள் யார் போட்ட பாதையில் நடக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்றுதான் ஒரு காலத்தில் உலகமே நம்பியது. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றொரு பிரிவுக்கு அவரவர் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். ஏழைகள், நெருக்கடியான வீடுகள், சத்தான சாப்பாடு கிடையாது. அப்படியிருந்தும் வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய சமமான பலன் தந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். யாரும் பேசத் துணியாத பேச்சை அன்றைக்கு அவர்கள் பேசினார்கள். 2004 ஏப்ரலில் நாட்டில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்றாகத் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை இருந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் சிகிச்சையை நோயாளிக்கு இன்னும் கொஞ்சம் அருகில் கொண்டுவந்தார்கள். அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டியவர்கள் நீங்கள்.

2. ஒன்றைக் கண்டால் மற்றொன்றைத் தேடுங்கள்.

காசநோய்க் கிருமி நம்மில் பலர் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவருக்கு அது நோயாக மாறும் வாய்ப்பு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 5 முதல் 10 சதவீதம். சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. உள்ளவருக்கோ ஒவ்வோர் ஆண்டிலுமே ஏறத்தாழ 10 சதவீதம். இந்தக் கணக்கை மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

காசநோய் என்று தெரிந்த ஒவ்வொருவருக்கும் அவர் சம்மதத்துடன் எச்.ஐ.வி. பரிசோதனை. எச்.ஐ.வி. உள்ள ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முறை வரும்போதும் நான்கு கேள்விகள்: இருமல் இருக்கிறதா, காய்ச்சல் வருகிறதா, உடம்பு இளைக்கிறதா, இரவில் வியர்த்துக் கொட்டுகிறதா? மற்றவர்களுக்கு இரண்டு வார இருமல் வரை காத்திருக்கலாம். இவர்களுக்கு நாள் கணக்கே பார்க்கக் கூடாது. எத்தனை நாள் இருமலானாலும் பரிசோதிக்க வேண்டும். நாள் முழுவதும் கூட்டம் நெரியும், கேள்வி கேட்க நேரமிருக்காது, பழைய விடையையே டிக் அடித்துவிடத் தோன்றும். அந்த டிக்கில்தான் ஓர் உயிர் நழுவுகிறது. வாயால் கேளுங்கள், முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். காசநோயாளிகளுக்குச் சர்க்கரையும் பாருங்கள். நம் ஊரில் அதைப் பார்க்காமல் விட முடியாது.

3. சளியை மரியாதையாக வாங்குங்கள்.

நல்ல சளி கிடைக்காவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரமும் வீண். டப்பாவைக் கையில் கொடுத்து "துப்பிட்டு வாங்க" என்று அனுப்பினால் எச்சில்தான் வரும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கச் சொல்லிச் செய்து காட்டுங்கள். இரண்டு மாதிரிகளில் ஒன்றாவது காலையில் எழுந்ததும் எடுத்ததாக இருக்கட்டும். காற்றோட்டமான வெளியிடத்தில், பிறர் கண் படாத மூலையில் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். கழிப்பறைக்குள் அனுப்பாதீர்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரியாமல் போவது சகஜம். அவர்களுடைய நுரையீரலில் பெரிய குழிகள் விழுவது குறைவு. அதனால் சளியிலும் கிருமி குறைவு. ஆகவே முதல் பரிசோதனையே சி.பி.நாட் அல்லது ட்ரூநாட்டாக இருக்க வேண்டும். இவை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கிருமியையும் காட்டும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது மசியுமா என்பதையும் சொல்லும். நெகட்டிவ் என்று வந்தாலும் ஆளை அனுப்பிவிடாதீர்கள். கழுத்தில் நெறிக்கட்டி, வயிற்றில் நீர், விடாத தலைவலி என்று காசநோய் எங்கே வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும். மிகவும் நலிந்தவருக்குச் சிறுநீரில் பார்க்கும் லாம் பரிசோதனை இருக்கிறது. டாக்டரிடம் நினைவுபடுத்த நீங்கள் கூச்சப்பட வேண்டாம்.

4. முதல் நாள் பேச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

முதல் நாள் சரியாகப் பேசியிருந்தால், பின்னால் ஆளைத் தேடி அலையும் அலைச்சலில் பாதி குறையும். காசநோய் மாத்திரை தொடங்கினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று அன்றே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஒரு மாதத்தில் பசி எடுக்கும், இருமல் அடங்கும், நோய் போய்விட்டது போலிருக்கும், ஆனால் ஆறு மாதமும் சாப்பிட வேண்டும் என்று சொல்லுங்கள். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, பார்வை மங்கினாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே வரச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று கேட்ட நிமிடத்தில் மனிதருக்குக் காது அடைத்துப்போகும். அதன்பின் நீங்கள் சொல்லும் எதுவும் உள்ளே இறங்காது. சற்று நேரம் பேசாமல் உடனிருங்கள். அழுதால் அழட்டும். பிறகு ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்: தினமும் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கி, அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாக அது துணைக்குப் பரவாது, வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், நோயில்லாத பிள்ளை பெறலாம். மற்ற விவரங்களை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம். வந்தவர் மறுநாளும் வருவதற்கான காரணத்தை முதல் நாளே கொடுத்து அனுப்புங்கள்.

5. ரகசியத்தை உயிர்போலக் காப்பாற்றுங்கள்.

ரகசியம் வெளியே போகும் என்று தெரிந்தால் ஊர்க்காரர் உள்ளூர் மையத்துக்கு வர மாட்டார். நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் மருந்து வாங்குவார், பிறகு பஸ் காசு இல்லாமல் அதையும் நிறுத்திவிடுவார். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது, சிகிச்சையோ வேலையோ மறுக்கக் கூடாது என்பது சட்டம். முறையிட ஓம்பட்ஸ்மன் உண்டு என்பதையும் நோயாளிக்குச் சொல்லுங்கள்.

சட்டம் காகிதத்தில் இருக்கிறது. ரகசியம் கசிவது சின்னச் சின்ன வழக்கங்களில். வராந்தாவில் பெயரையும் நோயையும் சேர்த்துக் கூப்பிடுவது. கட்டில் தலைமாட்டில் தனி நிறத் துண்டைக் கட்டுவது. கேஸ் ஷீட்டின் மேலட்டையில் பெரிதாக எழுதுவது. திட்டத்தின் பெயர் எழுதிய ஜீப்பை வீட்டு வாசலில் நிறுத்துவது. போனை யார் எடுத்தார் என்று கேட்காமலே விஷயத்தைச் சொல்லிவிடுவது. எந்த நம்பருக்கு, எந்த நேரத்தில் பேசலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகலாமா, டீக்கடையில் சந்திப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

6. எந்த மருந்து முதலில் என்பதை எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்.

மருந்து எழுதுவது டாக்டர் வேலை. வரிசை தவறினால் கண்டுபிடிப்பது நம் அனைவரின் வேலை. இரண்டு நோயும் இருப்பவருக்குக் காசநோய் மருந்தை முதலில் தொடங்க வேண்டும். அது உடம்புக்கு ஒத்துக்கொண்டதும், கூடிய மட்டும் இரண்டு வாரத்துக்குள், கூட்டு மருந்து. மூளைக்காய்ச்சலாக வந்த காசநோய்க்கு மட்டும் கூட்டு மருந்தைச் சில வாரங்கள் தள்ளி வைப்பார்கள். கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையும் கூடவே போக வேண்டும்.

கூட்டு மருந்தில் உள்ள டோலுடெகிராவிரின் அளவை ரத்தத்தில் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். அதனால் காசநோய்ச் சிகிச்சை நடக்கும் காலத்தில், வழக்கமான மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து 50 மில்லிகிராம் டோலுடெகிராவிர் தனியாக ஒன்று கொடுக்க வேண்டும். இரண்டு மருந்தகத்தில் இரண்டு சீட்டு என்று நோயாளி அலைந்தால் இந்தக் கூடுதல் மாத்திரைதான் முதலில் விடுபடும். ஏ.ஆர்.டி. மையத்திலேயே இரண்டு மருந்தும் ஒரே கையில் கிடைக்க வேண்டும் என்று ஏற்பாடு வந்ததன் காரணம் இதுதான். உங்கள் மையத்தில் அது நடக்கிறதா என்று பாருங்கள்.

கூட்டு மருந்து தொடங்கிய சில வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல் திரும்பும், நெறிக்கட்டி பெரிதாகும். எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு கிருமியோடு மோதுவதால் வருவது அது. முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்த மாட்டார்; உங்களிடம் ஓடி வருவார்.

7. முதல் இரண்டு மாதம் கண்ணை எடுக்காதீர்கள்.

காசநோய்ச் சாவுகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நடக்கிறது. மருந்து கையில் இருக்கும்போதே சாவு வருகிறது என்றால், ஆள் வந்து சேர்ந்தபோதே மோசமான நிலையில் இருந்திருக்கிறார், நாம் அதைக் கவனிக்கவில்லை என்று பொருள்.

தமிழ்நாடு 2022-ல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியபோது இதற்கு எளிமையான ஒரு வழியைக் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கக்கூடிய மூன்று விஷயங்கள்: உயரத்துக்கேற்ற எடை மிகவும் குறைந்து, பி.எம்.ஐ. 14 அல்லது அதற்கும் கீழே இருக்கிறதா. மூச்சு வேகமாக வாங்குகிறதா, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கிவிட்டதா. பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடியவில்லையா? ஒன்று இருந்தாலும் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முழுப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் படுக்கையில் சேர்க்க வேண்டும்.

எடை மெஷின், உயரம் பார்க்கும் அளவுகோல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆகிய மூன்றும் போதும். இவை இல்லாத மையம் நாட்டில் இருக்க நியாயமில்லை. இருந்தும் பேட்டரி தீர்ந்து மேசை இழுப்பறையில் கிடந்தால் அதற்கு நாம்தான் பொறுப்பு.

8. சாப்பாட்டையும் சிகிச்சையாக எழுதுங்கள்.

ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வை அவசியம் படியுங்கள். காசநோயாளியின் குடும்பத்துக்கு அரிசியும் பருப்பும் கொடுத்ததிலேயே, கூட வசிப்பவர்களுக்கு நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களுக்குச் சாவின் ஆபத்து வெகுவாகத் தணிந்தது. பசி இந்த நோயின் கூட்டாளி என்று பாட்டிமார் சொன்னதை ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது.

நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் காசநோயாளிக்குச் சாப்பாட்டுக்கென 2018-லிருந்து மாதந்தோறும் 500 ரூபாய் வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணக்கே இல்லாதவர், ஆதார் பொருந்தாதவர், பாஸ்புக் அண்ணன் கையில் இருக்கும் தங்கை ஆகியோர் விஷயத்தில் தாமதம் நேரும். சாப்பாட்டுக்கென வரும் பணம் சிகிச்சை முடிந்தபின் வந்து பயனில்லை. முதல் வாரத்திலேயே பாஸ்புக்கைப் பார்த்துவிடுங்கள். ரேஷன் கார்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். முட்டை, நிலக்கடலை, பருப்பு, கீரை, கருவாடு என்று அவர் வாங்கக்கூடியதைச் சொல்லுங்கள். வாங்க முடியாததைப் பட்டியல் போட்டுக் கொடுத்து மனத்தை நோகடிக்காதீர்கள். மாதாமாதம் எடை பாருங்கள். எடை ஏறினால் மாத்திரையின் எண்ணிக்கையும் மாறக்கூடும்.

9. ஒருவர் வந்தால் ஒரு குடும்பம் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.

காசநோயாளி தனியாக இருமுவதில்லை. அதே அறையில் பிள்ளை தூங்குகிறது. வீட்டில் உள்ள அனைவரையும் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு, முக்கியமாகச் சிறு குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், தடுப்புச் சிகிச்சை கிடைக்க வேண்டும். தினமும் ஐசோனியசிட் ஆறு மாதம், அல்லது வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு வாரம் ஐசோனியசிட்டோடு ரிஃபாபென்டின். நன்றாக இருப்பவருக்கு எதற்கு மாத்திரை என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி.யில் துணையையும் பிள்ளைகளையும் பரிசோதிப்பது இன்னும் கடினம். கணவர் இறந்தபின் மருமகளை வீட்டைவிட்டுத் துரத்திய கதைகளை நம் மாநிலத்தில் எத்தனையோ பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அவளுடைய பாதுகாப்பு; பிறகுதான் உங்கள் படிவம். சொல்ல அவளுக்குத் துணை வேண்டுமென்றால் நீங்கள் உடனிருங்கள்.

10. வராதவரை அன்றைக்கே தேடுங்கள்.

குறித்த தேதியில் வராதவருக்கு அன்று மாலையே போன் செய்யுங்கள். ஒரு வாரம் போனால் கண்டுபிடிப்பது கடினம், ஒரு மாதம் போனால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் அபாயம் வேறு. போனில் முதல் வார்த்தை "ஏன் வரல?" என்று இருக்க வேண்டாம். "எப்படி இருக்கீங்கண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று தொடங்குங்கள். காரணம் தானே வெளிவரும்: ஒரு நாள் கூலி போகும், மாத்திரை குமட்டுகிறது, மாமியாருக்குத் தெரிந்துவிடும், குடித்துவிட்டுப் படுத்துக்கிடந்தேன். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒவ்வொரு வழி உண்டு. குடிப்பவரைத் திட்டினால் அவர் குடியை விடமாட்டார், மாத்திரையைத்தான் விடுவார்.

திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போகிறவரைத் தடுக்க முயலாதீர்கள். போகும் ஊரின் மையத்துக்கு நிக்‌ஷய் பதிவை மாற்றி, அங்குள்ளவரிடம் நீங்களே போனில் பேசி, அவர் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டு முடிக்கும் வரை அவர் உங்கள் நோயாளி. கூட்டு மருந்து நிலையாகச் சாப்பிடும் லாரி ஓட்டுநருக்குச் சில மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்க வழியிருக்கிறது. இந்த நோயோடு வாழ்ந்து மீண்டவர்களையும் துணைக்கு அழையுங்கள். நாம் ஒரு மணி நேரம் சொல்லி ஏறாதது அவர்கள் ஐந்து நிமிடம் சொன்னால் ஏறும்.

11. மருந்தறைக்குள் போய் எண்ணிப் பாருங்கள்.

2024 தொடக்கத்தில் பல மாநிலங்களில் காசநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. உள்ளூரில் வாங்கிக்கொள்ளும்படி மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் நோயாளி, நாம் ஆறு மாதமும் விடாமல் சாப்பிடச் சொன்னதை எப்படி நம்புவார்? ஸ்டாக் ரிஜிஸ்டரில் உள்ள எண்ணை நம்பாமல் அலமாரியில் உள்ளதை எண்ணுங்கள். காலாவதி தேதி நெருங்குவதை முன்னால் வையுங்கள். சி.பி.நாட் கார்ட்ரிட்ஜ், ட்ரூநாட் சிப், எச்.ஐ.வி. கிட் ஆகியவற்றையும் மருந்தாகவே எண்ணுங்கள். தீர்ந்த பிறகு கேட்பதும், தீரப்போகிறது என்று கேட்பதும் ஒன்றல்ல. பக்கத்து மாவட்டத்து மருந்தாளுநர் நம்பரைக் கையில் வைத்திருங்கள். ஒருவருக்கொருவர் கைமாற்று கொடுத்துத்தான் பல இடங்களில் சிகிச்சை அறுபடாமல் ஓடியிருக்கிறது.

12. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இருமுகிறவரும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரும் ஒரே பெஞ்சில் காத்திருந்தால், மருந்து வாங்க வந்தவர் நோயை வாங்கிப் போவார். இருமுகிறவரை வாசலிலேயே இனங்கண்டு, மாஸ்க் கொடுத்து, வரிசையில் முன்னால் விடுங்கள். காத்திருக்கும் இடம் திறந்த வெளியாக இருக்கட்டும். நீங்கள் உட்காரும் நாற்காலியை, காற்று உங்கள் பக்கமிருந்து நோயாளி பக்கம் போகும்படி போட்டுக்கொள்ளுங்கள். ஏ.சி. போட்டு அடைத்த அறையில் காசநோயாளியைப் பார்க்காதீர்கள். உங்களுக்கே இருமல் வந்தால் மறைக்காமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சுகாதாரப் பணியாளர்களுக்கும் இந்த நோய் வருகிறது; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

13. தனியார் டாக்டரையும் மருந்துக்கடைக்காரரையும் உறவாக்கிக்கொள்ளுங்கள்.

இருமல் வந்தவர் முதலில் போவது தெருமுனை கிளினிக்குக்கும் மெடிக்கலுக்கும்தான். அரசு வாசலுக்கு அவர் வந்து சேர்வதற்குள் பல வாரங்கள் கழிந்துவிடும். தனியார் டாக்டர்களும் காசநோயாளி விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2012-லேயே கட்டாயமாக்கப்பட்டது. காசநோயைக் கண்டறிய என்று விற்ற ரத்தப் பரிசோதனைகளும் அதே ஆண்டு தடை செய்யப்பட்டன. அவை தப்பான முடிவு தந்துகொண்டிருந்தன. 2018-ல் மருந்துக்கடைகளுக்கும் தெரிவிக்கும் கடமை வந்தது.

சட்டத்தைக் காட்டி மிரட்டினால் பதிவு வரும், நம்பிக்கை வராது. சளியை நாங்கள் வந்து எடுத்துப் போகிறோம், ரிசல்ட்டை உங்களுக்கே முதலில் சொல்கிறோம், மருந்து இலவசம், நோயாளி உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபடி நடந்து காட்டினால் அடுத்த நோயாளியை அவரே அனுப்புவார்.

14. ரிஜிஸ்டரில் உண்மையை மட்டும் எழுதுங்கள்.

மேலிடம் இலக்குக் கேட்கும். பார்க்காத வீட்டைப் பார்த்ததாக, வராதவரை வந்ததாக எழுதச் சபலம் வரும். அப்படி எழுதிய நிமிடத்திலிருந்து அந்த நோயாளியைத் தேட யாருக்கும் காரணம் இருக்காது. மாதம் ஒருமுறை காசநோய் ரிஜிஸ்டரையும் ஏ.ஆர்.டி. ரிஜிஸ்டரையும் ஒரே மேசையில் விரித்து, இரண்டு பிரிவுக்காரரும் உட்கார்ந்து பெயர் பெயராக ஒத்துப் பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பெயர்தான் அந்த மாதத்து வேலை. இறந்தவர் ஒவ்வொருவருக்காகவும் உட்கார்ந்து பேசுங்கள்: எந்த நாளில், எந்த இடத்தில் அவரைக் காப்பாற்றியிருக்கலாம்? யார்மேலும் பழி போடுவதற்காக அல்ல, அடுத்தவருக்கு அதே இடத்தில் அது நடக்காமல் தடுப்பதற்காக.

15. திட்டம் போனாலும் வேலை நிலைக்கும்படி செய்யுங்கள்.

வெளிநாட்டு உதவியோடு நல்ல திட்டங்கள் வந்திருக்கின்றன. 1995-ல் அமெரிக்க உதவியுடன் நம் மாநிலத்தில் தொடங்கிய ஏபேக் திட்டம் எச்.ஐ.வி. தடுப்பில் பெரும் பணி செய்தது. அந்தக் கைகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி திடீரென நிறுத்தி வைக்கப்பட்டபோது ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் எச்.ஐ.வி. கிளினிக்குகள் கதவடைத்ததையும் பார்த்தோம். வெளியிலிருந்து சம்பளம் வாங்கும் ஆள் செய்யும் நல்ல காரியம் எதுவோ, அதை அரசு மருத்துவமனையின் அன்றாட வழக்கமாக்கிவிடுங்கள். நர்ஸுக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த வேலை எதுவும் உங்கள் மையத்தில் இருக்கக் கூடாது. ஒப்பந்தப் பணியாளர்களாக நீங்கள் படும் கஷ்டத்தை நான் அறிவேன். சம்பளம் நேரத்துக்கு வர வேண்டும் என்று கேட்பதும் சேவையை வலுப்படுத்தும் வேலைதான். கேளுங்கள், சேர்ந்து கேளுங்கள்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது. நாளைக்குக் காலையில் தொடங்க ஒன்று சொல்கிறேன். புதிதாக வரும் ஒரு நோயாளியோடு ஓ.பி. சீட்டு எழுதும் இடத்திலிருந்து மருந்து கையில் கிடைக்கும் வரை கூடவே நடந்து பாருங்கள். எத்தனை வாசல், எத்தனை மணி நேரம், எத்தனை ரூபாய், எத்தனை பேரிடம் அதே விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலோடு உங்கள் டாக்டரிடம் போய், இந்த மாதம் இதில் ஒரு வாசலையாவது குறைப்போம் என்று சொல்லுங்கள். குறைத்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி நடந்து பாருங்கள்.